கையுறை கொடுத்த பிரபு

மூன்று வாரமாக மழையில் நடந்து வந்தவர்கள் நாங்கள். பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. வில்லாளிகள் பலர் கால்சட்டையை அறுத்து எறிந்துவிட்டு, தொடை தெரிய நின்றிருந்தோம். எதிரே, புதிதாக உழுத கோதுமை வயலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுப் பிரபுக்கள் தலைமுதல் கால்வரை இரும்பு உடுத்திக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

என் பெயர் இத்தெல். வேல்ஸ் மலைநாட்டுக்காரன், ஆங்கிலேய ராஜாவின் படையில் வில்லாளி. வில்லெடுக்கும் முன் பத்து வருஷம் ஒரு பிரபுவின் லாயத்தில் குதிரை பார்த்தவன். பக்கத்தில் நின்ற மாடாக் என் மனைவியின் அண்ணன்.

"என்ன மாப்ளே, மூஞ்சி வெளிறிப் போச்சு? பயமா?"

"வயிறு, மச்சான்."

"எனக்கும் அதேதான். அவனுங்க கிட்ட வந்தா நம்ம நாத்தத்துலயே திரும்பி ஓடிருவானுங்க."

எங்கள் தலைவர், ஓர் ஆங்கிலேயர், வரிசையோடு நடந்து வந்தார்.

"ஆளைப் பாக்காதீங்கடா. இரும்புல அம்பு வழுக்கிரும். குதிரையப் பாருங்க. நெஞ்சு, விலா, பின்தொடை. குதிரை விழுந்தா மேல இருக்கறவன் தானா விழுவான்."

குதிரையின் எந்த இடம் மெல்லிசு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெஞ்சுத் தகட்டுக்குப் பின்னால், சேணக்கச்சை உரசும் இடம். அங்கேதான் தினமும் வைக்கோலால் தேய்த்துவிடுவேன்.

அவர்கள் வந்தார்கள். உழுத மண்ணில் குதிரைகளின் கால் முழங்கால்வரை புதைந்தது. பாய்ச்சல் தளர்ந்தது. ஐயாயிரம் விற்கள் ஒரே நேரத்தில் நாண் விட்டன. நான் எத்தனை அம்பு விட்டேன் என்று தெரியாது. ஆளைவிடக் குதிரைதான் அதிகம் அலறும். அடிபட்டவை திரும்பி ஓடி, பின்னால் நடந்து வந்த தங்கள் ஆட்களையே மிதித்தன. மிச்சம் வந்தவை நாங்கள் நட்டிருந்த கூர்முளைகளில் பாய்ந்தன. அம்பு தீர்ந்ததும், முளை அடித்த கொட்டாப்புளிகளைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினோம். இரும்போடு விழுந்தவர்களால் எழுந்திருக்க முடியவில்லை. எங்களுக்கோ உடம்பில் பாரமே இல்லை.

முளைகளுக்கு அருகே ஒரு சாம்பல் நிறக் குதிரை வயிறு கிழிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கழுத்தை அறுத்து அதன் வேதனையை முடித்தேன். அப்போதுதான் அதன் அடியில் ஒரு கை அசைவதைக் கண்டேன். தோண்டி இழுத்தேன். ஐம்பது வயதுப் பிரபு. வாயெல்லாம் சேறு. துப்பிவிட்டு, வலது கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். சரணடைந்தவர்கள் செய்வது அது. இனி அவர் உயிருக்கு நான் பொறுப்பு; அவர் வீட்டார் எனக்குப் பணம் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள்.

அவர்கள் பேச்சு எனக்குக் கொஞ்சம் புரியும். அவர் முதலில் கேட்டது, "பெல்? என் குதிரை?"

"செத்துருச்சுங்க."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கைதிகளைப் பின்னால் சாமான் வண்டிகளின் ஓரம் உட்கார வைத்தோம். மாடாக்கும் ஒரு கொழுத்த பிரபுவைப் பிடித்து வந்திருந்தான். "இவன வித்தா என் வீட்டுக்குப் புதுக் கூரை, மாப்ளே!" என்று சிரித்தான்.

அப்போது முன்னால் கூச்சல். எதிரி மறுபடி அணிவகுக்கிறான். பின்னால் இத்தனை கைதிகள் இருப்பது ஆபத்து, எல்லோரையும் முடித்துவிடுங்கள் என்று ராஜாவின் உத்தரவு வந்தது. எங்கள் பிரபுக்கள் மறுத்தார்கள், சரணடைந்தவர்களை வெட்டுவது குலத்துக்கு இழுக்காம். தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"வில்லாளிங்க செய்யுங்க."

"ஐயா, கையுறை வாங்கிட்டேன்," என்றேன்.

"நீ என்ன பிரபுவா? கையுறையாம் கையுறை! செய்றியா, இல்ல அவன் பக்கத்துல நீயும் உக்காறியா?"

மாடாக் வயிற்றைப் பிடித்தான். "ஐயோ, வந்துருச்சு!" என்று தன் கைதியையும் இழுத்துக்கொண்டு வண்டிகளுக்குப் பின்னால் ஓடினான். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் மற்றக் கைதிகள் வெட்டுப்பட்டு விழ ஆரம்பித்தபோது என் பிரபுவுக்கு விளங்கிவிட்டது. அவர் கெஞ்சவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எனக்கு முதுகு காட்டி மண்டியிட்டார். நரைத்த தலைமுடி சேற்றோடு பிடரியில் ஒட்டியிருந்தது. கொட்டாப்புளியை ஓங்கினேன். ஒரே அடியில் முடியவில்லை. மூன்று அடி ஆயிற்று.

கொஞ்ச நேரத்தில் முன்வரிசையிலிருந்து எங்கள் ஆள் ஒருவன் ஓடிவந்தான். "நிறுத்துங்க! அவனுங்க கலைஞ்சு போறானுங்க, நிறுத்துங்க!"

வண்டிக்குப் பின்னாலிருந்து மாடாக் தன் கைதியோடு வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. ஊருக்குக் கப்பல் ஏறும் கலே துறைமுகம்வரை அவன் என்னோடு பேசவில்லை. அங்கே, "எனக்கு வர்றதுல பாதி உனக்கு, மாப்ளே," என்றான். வேண்டாம் என்றேன்.

ஊரில் எல்லோரும் எங்களைத் தோளில் தூக்காத குறை. வெறும் மர வில்லை வைத்துக்கொண்டு பெரிய பெரிய பிரபுக்களைச் சாய்த்தோமாம். ஒருநாள் கஞ்சி ஊற்றும்போது மனைவி கேட்டாள்.

"நீ எத்தன பேரக் கொன்ன?"

"குதிரைங்கதான்," என்றேன்.

அவள் அதற்கே கண் கலங்கினாள்.