‘ம்’ என்று சொன்ன கதையின் ஆறாவது வரைவு

1

இலக்கிய ஆர்வத்தால் நான் இந்தக் கதையை எழுதவில்லை. ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள், நான் ‘ம்’ என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக அது மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தொண்டையில் நிற்கிறது. எழுதினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். ஐந்து தடவை எழுதிவிட்டேன். கடுப்புதான் ஏறுகிறது.

கிழித்துப்போட்ட தொடக்கங்களில் மூன்று:

“தாம்பரம் ரயில் நிலையத்தின் மேல் மழை—” (மழையே பெய்யவில்லை. கதை என்றால் மழை பெய்தே தீரவேண்டும் என்று எந்த மடையன் சொன்னான்?)

“ரேஷ்மாவும் நானும் உயிர்த்தோழிகள்—” (பொய். ஒரே பெஞ்ச், அவ்வளவுதான். அவள் கொண்டுவரும் நெத்திலி வறுவலில் முக்கால்வாசியை நான்தான் தின்பேன்.)

“ஜப்பானிய மொழியில் தாய்க்கு இரண்டு சொற்கள்—” (இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.)

2

ஜப்பானிய மொழியில் தாய்க்கு இரண்டு சொற்கள். அடுத்தவருடைய அம்மா என்றால் ‘ஒகாசான்’, அதில் மரியாதை உண்டு. வெளியாரிடம் நம் அம்மாவைப் பற்றிப் பேசும்போது ‘ஹஹா’, அது தணித்துச் சொல்வது. வெளியார் முன்னால் சொந்த வீட்டு ஆளை உயர்த்திப் பேசினால் அங்கே அநாகரிகம். முதல் வருஷம் முதல் மாதமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

நாங்கள் படிப்பது தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஜிஎஸ்டி சாலையில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஜப்பானிய மொழியும் பண்பாடும். என் பெயர் மாளவிகா, வீடு ஊரப்பாக்கத்தில். ஆரம்பத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தோம், இப்போது ஒன்பது. ஓடியவர்களைக் குறை சொல்லமாட்டேன். மூன்று வகை எழுத்து. போதாததற்கு, பென்சிலை ஒரு மாதிரி எண்ண வேண்டும், தாளை வேறு மாதிரி. உயிருள்ள மீனை எண்ண ஒரு சொல், விற்பனைக்கு வந்த மீனை எண்ண இன்னொரு சொல். எல்லோரும் தலையில் கைவைத்திருந்த அன்று ரேஷ்மா மட்டும் சிரித்தாள்.

“தண்ணியில கீறப்ப அது மீனு. பாயில கொட்டிட்டா கூறு. இது இன்னா பெரிய விசயமா?”

அவளுடைய அம்மா சரசு கோவளத்தில் மீன் விற்கிறார். (‘விற்கிறார்’ நான் போட்டது. ரேஷ்மா “எங்கம்மா மீன் விக்குது” என்றுதான் சொல்வாள்.)

3

ஜப்பானில் ஓராண்டு படிக்க ஒரே ஓர் இடம். கடைசிச் சுற்றில் நாங்கள் இரண்டு பேர். எனக்குக் கிடைக்காவிட்டால் ஒசாகாவில் சித்தப்பா இருக்கிறார், எப்படியாவது போய்விடுவேன். ரேஷ்மாவுக்கு இதை விட்டால் வேறு வழியே கிடையாது.

நேர்முகத் தேர்வு அன்று காலை, தாம்பரம் ரயில்வே நடைமேம்பாலத்தின் அடியில் சந்தித்தோம். நான் மின்சார ரயிலில் வந்தேன். அவள் கோவளத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். படியேறிக்கொண்டே கேட்டாள்:

“மாளு, அம்மாவ பத்தி கேட்டாங்கன்னா ஒகாசான்னு சொல்லலாம் இல்ல?”

“ம்.”

இவ்வளவுதான் நடந்தது. இதற்கு ஐந்து வரைவு.

4

முதல் வரைவில் பாலத்தில் பயங்கரக் கூட்டம், அவள் கேட்டது என் காதிலேயே விழவில்லை. இரண்டாவதில் ரயில் ஹாரன். மூன்றாவதில் நான் தெளிவாக, “இல்லடி, ஹஹான்னு சொல்லு” என்கிறேன், அவள்தான் பதற்றத்தில் மறந்துவிடுகிறாள். நடை அழகாக வந்தது இந்த வரைவில்தான். வாசித்துவிட்டு எனக்கே என் முகத்தில் அறையலாம் போலிருந்தது. நான்காவதில் நான் உதட்டோரம் சிரிக்கிற வில்லி. அதுவும் பொய், எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை.

ஐந்தாவது முழுக்க ஓர் அடிக்குறிப்பு:

[ஜப்பானியர் பேசும்போது எதிரில் இருப்பவர் ‘ஹை’, ‘உன்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது சம்மதம் அல்ல, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பது மட்டுமே என்று எங்கள் ஆசிரியர் சாலமன் சார் சொல்லியிருக்கிறார். ஆகவே என்னுடைய ‘ம்’ என்பதையும் அவ்வாறே—]

அவ்வாறே என்ன? தாம்பரத்தில் நின்றுகொண்டு ஒரு தமிழச்சியிடம் தமிழில் சொன்ன ‘ம்’முக்கு ஜப்பான் இலக்கணமா? வெட்கமாக இருக்கிறது. அந்த ஒரு நொடியில் எனக்கு விடை தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

5

நேர்முகத் தேர்வில் இரண்டு பேரையும் ஒன்றாகவே உட்காரவைத்தார்கள். ஜப்பானிலிருந்து வந்திருந்த பேராசிரியை, அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார். வங்கி மேலாளரான என் அம்மாவை நான் ‘ஹஹா’ என்று பாந்தமாகத் தணித்துவைத்தேன்.

ரேஷ்மா ‘ஒகாசான்’ என்றாள். வினைச்சொல்லையும் சேர்த்து உயர்த்தினாள். தமிழில் சொன்னால், ‘எங்கள் தாயார் அவர்கள் மீன் விற்றருள்கிறார்கள்’ என்பது போல. சாலமன் சார் குனிந்து பேனாவைத் தேடினார், பேனா கையிலேயே இருந்தது. பேராசிரியைக்கு நல்ல மனசு. “ஹஹா...” என்று மெல்ல எடுத்துக்கொடுத்தார். ரேஷ்மா அவரைப் பார்த்து நிதானமாக மறுபடியும் ‘ஒகாசான்’ என்றாள்.

இடம் எனக்குக் கிடைத்தது. “வித்தியாசம் ரெண்டே மார்க்மா. அந்த ஒரு வார்த்தைதான்” என்றார் சாலமன் சார்.

6

இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத பாத்திரம் ரேஷ்மாதான். முதல் நான்கு வரைவிலும் அவளை அழவைத்துப் பார்த்தேன். நிஜத்தில் அவள் அழவேயில்லை. மறுநாளும் நெத்திலி கொண்டுவந்தாள். இப்படி ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு எவள் கதை எழுதுவாள்?

பொறுக்கமுடியாமல், நேற்று மதியம் தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் அவளிடம் கொட்டிவிட்டேன்.

“அன்னிக்கு பிரிட்ஜ்ல நீ கேட்டியே... ஒகாசான் தப்புன்னு எனக்குத் தெரியும் ரேஷ்மா. தெரிஞ்சேதான் ‘ம்’னு சொன்னேன்.”

“எனக்கும்தான் தெரியும்.”

“என்னது?”

“மூணு வருசமா சாலமன் சார் அதத்தான கத்திக்கினு கீறாரு.” பஸ் வருகிறதா என்று எட்டிப்பார்த்தாள். “மீன் வாங்க வர்ற பொடிசுங்ககூட எங்கம்மாவ வா போன்னுதான் பேசுது. எங்கம்மா மூஞ்சிக்கு நேராவே பேசுது. ரூம்புக்குள்ள போயி நானும் எறக்கி சொல்லணுமான்னு ரெண்டு நாளா ஒரே ரோசன. சொன்னாதான் சீட்டுன்னும் தெரியும்.”

“அப்புறம் எதுக்குடி என்னக் கேட்ட?”

திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் கோபம் இல்லை.

“நீ திட்டுவேன்னு பாத்தேன். ‘லூசாடி நீ, ஹஹான்னு சொல்லு’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சொல்லியிருப்பேன் மாளு.”

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

7

இதோடு என் ஐந்து வரைவும் குப்பை. அவளை ஏமாற்றிய குற்றவாளியாக என்னை எழுதிவைத்திருந்தேன். அவள் ஏமாறவே இல்லை. அவள் என்னை நம்பியிருந்தாள். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுதவும் பிடிக்கவில்லை.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. நான் விலகிக்கொள்கிறேன், அடுத்த பெயர் ரேஷ்மா, அவள் விமானம் ஏறுகிறாள்— (நான் தியாகியாகிவிடுகிறேன். சீ.) நான் போகிறேன், அவள் ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக— (இது நடந்தால் நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன் என்பதுதான் பயம்.) நான் விலகுகிறேன், அவளோ “உன் பிச்ச எனக்கு வாணாம்” என்று—

போதும். சம்மதப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இன்று வியாழன். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: வருகிறேன், வரவில்லை. இரண்டும் காலி.

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்திருக்கிறீர்கள். அங்கங்கே தலையை ஆட்டியும் இருப்பீர்கள். மனசுக்குள் ஒரு பதிலும் வந்திருக்கும். அதை உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

நான் போகட்டுமா?