நன்றி சொல்லாத கதாநாயகன்

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவளுக்கு அப்போது கையிலிருந்த படத்தின் கதாநாயகனோடு பெரிய ரோதனை. மனைவி தண்ணீர் கொடுத்தாலும் அவன் பாஷையில் நன்றி, கதவைத் திறந்துவிட்டாலும் நன்றி. அதை அப்படியே தமிழில் போட்டால், மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை முடித்துவைக்க வந்தவன் மாதிரி இருந்தது.

வீட்டில் சொல்லித்தான் பார்ப்போமே என்று, டீ கொண்டுவந்து வைத்த கணவனிடம் "நன்றி" என்றாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"இப்ப நான் என்ன பண்ணேன்? எதுவா இருந்தாலும் நேரா சொல்லு."

துணி மடித்துக் கொடுத்த மாமியாரிடமும், "நன்றி அத்தை" என்றாள். அந்த அம்மாள் துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு நேரே மகனிடம் போனாள்.

"உன் பொண்டாட்டி என்னை மூணாம் மனுஷி ஆக்கிட்டாடா."

இருவரையும் சமாதானப்படுத்துவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாள் வசனத்திலிருந்த எல்லா நன்றிகளையும் அடித்து நீக்கினாள். வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி, ஓரிடத்தில் "நீ குடிச்சியா?", இன்னோரிடத்தில் "நீ ஏன் எழுந்து வந்த?" என்று எழுதிக் கொடுத்தாள்.

படம் டிவியில் வந்தபோது மாமியார் கண்ணெடுக்காமல் பார்த்தாள். கதாநாயகன் மனைவி நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"எந்த ஊர்க்காரனோ, பெத்தவங்க எவ்வளவு நல்லா வளர்த்திருக்காங்க பாரு. ஒரு வாட்டியாவது நன்றி கின்றின்னு சொல்றானா?"