உதிர்க்கும் கூலி

பூக்கடை வாளித் தண்ணீர் எப்படி நாறும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். அண்ணன் என் பின்னந்தலையைப் பிடித்து அதற்குள் அமுக்கினான். அழுகின காம்புகள் கன்னத்தைக் கீறின, மூக்கில் தண்ணீர் ஏறியது. முடியைப் பிடித்து மேலே இழுத்தபோது என் வாயில் ஓர் இலை இருந்தது. அதை அவன் சட்டையில் துப்பினேன். அதற்காக இன்னொரு முறை அமுக்கினான்.

“பூ என் செலவுன்னு சொன்னேன்ல? யாரைக் கேட்டு இங்க வந்தீங்க?”

கடைக்காரம்மா காம்பு வெட்டுகிற கத்தரியோடு மேசையைச் சுற்றி வந்தார். “வாளி பூவுக்கு வச்சிருக்கேன். கையை எடுங்க. இல்லன்னா காம்புன்னு நினைச்சு நறுக்கிடுவேன்.”

அண்ணன் கையை எடுத்தான். வாளியை எட்டி உதைத்துவிட்டுப் போனான். கத்தரியைக் கண்டால் அவன் வீரம் பாதியாகிவிடும்.

தங்கை கல்யாணத்துக்குப் பூ பார்க்க வந்ததுதான் நாங்கள் செய்த குற்றம். மண்டபம், சாப்பாடு, துணிமணி எல்லாம் அவளும் மாப்பிள்ளையும் சம்பாதித்துச் செய்தது. மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், வாயில்லாப் பூச்சி. பாக்கி இருந்தது பூ மட்டும். அதை அண்ணன் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டான். பூவுக்குப் பணம் கொடுத்துவிட்டால் முன்வரிசையில் நிற்கலாம், தங்கை கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போகலாம். அந்தக் கையைத்தான் அவன் ஒரு நாள் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். வேலையிலிருந்து நேரம் கழித்து வந்தாளாம். இன்றைக்கும் அவள் சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்தே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் அம்மா முந்திக்கொண்டு, “காத்துல கதவு சாத்திக்கிச்சு” என்றாள். எங்கள் வீட்டில் அந்தக் கதவு இருக்கிற அறைக்கு ஜன்னலே கிடையாது.

தங்கை கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அக்கா, அவன் என் கல்யாணத்துல கால் வைக்கக் கூடாது.” அம்மாவிடம் அதைச் சொன்னால், “பூவுக்கு அவன்தானே குடுக்குறான்? அப்புறம் எந்த வாயால வராதேன்னு சொல்றது?” என்றாள். ஆக, எங்கள் கைக்கு எட்டுகிற பூவாகப் பார்த்தாக வேண்டும்.

கடைக்காரம்மா எனக்குத் துண்டு கொடுத்துவிட்டு விலை சொன்னார். மேடை முழுக்கப் புது ரோஜா என்றால் எவ்வளவு ஆகும் என்று அவர் சொன்னதும் தங்கை என் முழங்கையைக் கிள்ளினாள். நான் டயர் கடையில் வேலை செய்கிறவள். அந்தப் பணத்துக்கு ஒரு லாரிக்கு முழுசாகச் சக்கரம் மாட்டலாம்.

“அப்ப உலர்ந்த பூவுக்குப் போயிடுங்க” என்றார் அவர். “விலை விழுற நேரத்துல வாங்கி, கட்டு கட்டா தலைகீழா தொங்க விடுங்க. இருட்டு வேணும், காத்து வேணும், அவ்வளவுதான். வாடாமல்லி, கோழிக்கொண்டை நிறம் போகாது. ரோஜா கொஞ்சம் கருக்கும், அதுவும் ஒரு அழகு. நடுவுல நாணலும் கோதுமைக்கதிரும் வச்சா மேடை நிறைஞ்சிடும். பொண்ணு கையில பிடிக்க மட்டும் புதுசா ஒரு கொத்து போதும்.”

தங்கை அலமாரியில் ஒரு சாடியைக் காட்டினாள். உள்ளே உலர்ந்த இதழ்கள், பல நிறம்.

“அது மாப்பிள்ளை பொண்ணு மேல தூவுறது கண்ணு. முழுப்பூவை விட விலை. ஒவ்வொண்ணா உதிர்க்கணும்ல, அந்தக் கூலி இருக்கே!”

தங்கை சாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஆசையை மறைக்கத் தெரியாத முகம் அவளுக்கு.

டயர் கடையின் மேல்மாடியை முதலாளி சும்மாவே கொடுத்தார். விட்டத்தில் கயிறு கட்டி, சந்தை முடிகிற நேரம் மலிவாகக் கிடைத்ததையெல்லாம் வாங்கிவந்து தொங்கவிட்டோம். ரப்பர் நாற்றத்தோடு ரோஜா வாசம் கலந்து தலைவலி வந்தது. தங்கை வளைந்த விரலில் நூலை மாட்டி இழுத்து முடிச்சுப் போடுவாள். “இந்த விரல் இதுக்காவது உதவுதே” என்பாள். தலைகீழாகத் தொங்கினால் அழகு கெடாது என்றால் அண்ணனையும் தொங்கவிட்டுப் பார்க்கலாம் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்பிவிட்டு, வேன் வருகிறதா என்று பார்க்கத் தங்கையோடு தெருமுனை வரை போனேன். திரும்பி ஏறும்போதே சத்தம் கேட்டது. அண்ணன் பூவின் மேல் நின்று மிதித்துக்கொண்டிருந்தான். அம்மாதான் சொல்லியிருக்கிறாள். அண்ணனைப் பற்றின விஷயம் தவிர வேறெதுவும் அவள் வாயில் தங்காது.

அவன் ஆத்திரத்தில் மிதிக்கவில்லை, நிதானமாக மிதித்தான். பூட்ஸ் குதிகாலை வைத்து அரைத்து, அடுத்த கட்டுக்குப் போனான். எனக்குக் கண் மண் தெரியவில்லை. டயர் கழற்றுகிற இரும்பு லீவரை எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். அவன் அலறிக்கொண்டே விழுந்தான். விழுந்தவன் என் காலைப் பிடித்து இழுத்தான். முகத்தில் குத்தினான், ஒரு குத்து வாயில் விழுந்தது. முன்பல் பாதியாக உடைந்து எங்கோ தெறித்தது. இரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. அவன் கழுத்தில் முட்டியை ஊன்றி, லீவரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். கொன்றிருப்பேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

தங்கை பின்னாலிருந்து லீவரைப் பிடித்தாள்.

“வேணாம்க்கா. நாளைக்கு நீ என் பக்கத்துல நிக்கணும். ஜெயில்ல உக்காந்துட்டா யார் நிப்பா?”

அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்தான். “நாளைக்கு என் பூ வரும். நானும் வருவேன். அதைத் தடுக்க எவன் இருக்கான்னு பாக்குறேன்” என்று நொண்டிக்கொண்டே இறங்கிப் போனான்.

நான் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தங்கை அழவில்லை. குனிந்து ஒரு கை அள்ளினாள், விரலிடுக்கில் உதிர விட்டாள். பிறகு துடைப்பத்தைக் கொண்டுவந்தாள்.

“உதிர்க்குற கூலி நமக்கு மிச்சம்க்கா” என்றாள்.

கூட்டி அள்ளி, கம்பியும் நூலும் பொறுக்கிப் போட்டாள். மிதிபடாத நாணலும் கதிரும் மேடைக்குப் போயின. மற்றதெல்லாம் தட்டு தட்டாக இதழ்.

மறுநாள் அண்ணன் வேன் நிறையப் புது ரோஜாவோடு மண்டப வாசலுக்கு வந்தான். வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்த மாப்பிள்ளை போய், “உங்களை நாங்க கூப்பிடலையே” என்று சொல்லி இரும்புக் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். அம்மா மட்டும் உள்ளே வந்தாள். வீங்கின என் வாயைப் பார்த்தவர்களிடமெல்லாம், “படியில விழுந்துட்டா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிறகு தங்கையிடம் போனாள்.

“வெயில்ல பூவெல்லாம் வாடுது. பெரியவனை உள்ள விடும்மா. நல்ல நாள் அதுவுமா இப்படியா?”

“இங்க அவன் வாங்கின பூ ஒண்ணுகூட இல்லம்மா. நீ எடுத்துத் தூவு” என்று தங்கை தட்டை நீட்டினாள்.

அம்மா ஒரு கை அள்ளினாள். தூவக் கையை விரித்தவள் அப்படியே நின்றாள். வாடாமல்லிப் பொடிக்கு நடுவில் அரைப்பல் ஒன்று கிடந்தது. நாங்கள் கூட்டி அள்ளினபோது கண்ணில் படவே இல்லை. அம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வீங்கின உதட்டைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் இதழ்களை மட்டும் தங்கை தலையில் தூவினாள். பல்லை இடது கைக்குள் மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கேட்டைத் திறந்தாள். தன்னை அழைக்கத்தான் அம்மா வருகிறாள் என்று அண்ணன் சிரித்தபடி கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்காலை உள்ளே வைத்தான்.

அம்மா தோளைக் கொடுத்து கேட்டைத் தள்ளினாள். அவன் காலைப் பின்னுக்கு இழுத்தான். தூணுக்கும் கேட்டுக்கும் நடுவில் மாட்டிய கையை எடுக்க அவள் விடவில்லை. அவன் போட்ட அலறலில் மண்டபமே எழுந்து நின்றது. தங்கை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

யாரோ ஓடிப்போய், “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்கள். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.

“காத்துல கதவு சாத்திக்கிச்சு” என்றாள் அம்மா.