தீனிக்கிளை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. கிடைத்தது என்ன, சுட்டதுதான். புதுக் கண்ணாடிக்காகப் போயிருந்தேன். லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற பெண்ணின் விரல்களில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

"பைன் மரத்துப் பிசின் சார். சோப்புக்கெல்லாம் போகாது. எண்ணெய் தேச்சாத்தான் போகும்." பிறகு தலை நிமிராமலே, "போன்சாய் வளக்கறேன். என் தம்பி என் மரத்த வெட்டிட்டான்," என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பொய் என்று யாராவது சண்டைக்கு வந்தால் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "மொட்டைமாடியில் அந்தச் சின்ன பைன் மரம் தன்னந்தனியாக..."

த்தூ. மரம் தனியாக இல்லாமல் குடும்பத்தோடா நிற்கும்?

தொடக்கம் இரண்டு: "மரங்களுக்கு மட்டும் வாய் இருந்திருந்தால்..."

இல்லை. விட்டுவிடலாம். நேராகவே சொல்கிறேன்.

அவளை வீட்டில் எல்லோரும் அக்கா என்பார்கள், கோபம் வந்தால் அம்மாகூட. அப்பா போன பிறகு கண்ணாடிக் கடையில் சேர்ந்தவள். தம்பியைப் படிக்க வைத்தாள், அவன் வேலைக்குப் போனான், இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவளுக்கு ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள். பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லியே சில வீடுகளில் காலத்தை ஓட்டிவிடுவார்கள்.

மொட்டைமாடியில், காய்கறி அலசும் பிளாஸ்டிக் சல்லடைக் கூடையில், விரலளவு கன்றிலிருந்து அவள் வளர்த்தது அந்த பைன். போன்சாயாக வேண்டிய மரம், இன்னும் ஆகவில்லை. குட்டி மரமென்றாலும் அடிமரம் தடித்திருந்தால்தான் கிழட்டு மரத்தின் கம்பீரம் வரும். எல்லாவற்றையும் கத்தரித்துக்கொண்டே இருந்தால் அது தடிக்காது. அதனால் ஒரே ஒரு கிளையை மட்டும் கத்தரி படாமல் ஓடவிடுவார்கள். அது ஆள் உயரத்துக்குக் காடாக வளரும், அந்த வளர்ச்சியில் அடிமரம் பருக்கும். கீழே கம்பி சுற்றி, குட்டையாக அடக்கி வைத்திருக்கும் சின்னக் கிளைகள்தான் நாளைய மரம். அடி பருத்ததும் பெரிய கிளையை வெட்டி எறிந்துவிடுவார்கள். அடிமரத்துக்குத் தீனி போடுகிற கிளை என்பதால் அக்கா அதற்கு வைத்த பெயர் தீனிக்கிளை.

(புரிந்துவிட்டது, அக்காதானே அந்தக் கிளை என்று மேதாவியாகத் தலையாட்டுகிறீர்கள். நானும் முதல் பிரதியில் 'பலிக்கிளை' என்று எழுதிவிட்டுக் காலரைத் தூக்கிக்கொண்டேன். பிறகு அடித்துவிட்டேன். அவளிடம் போய்ச் சொன்னால், "நான் எதுக்கு சார் கிளை? கத்தரி பிடிக்கிறவ நான்" என்பாள்.)

3

அம்மா துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "ரெண்டே ரூம். வர்ற பொண்ண எங்க படுக்க வைக்கிறது? உன் கடைப் பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்காமே."

"இருக்கு."

"உனக்கும் அலைச்சல் மிச்சம் பாரு."

அக்கா ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள். அவள் வாங்கிப் போட்ட உறை. அதைச் சொல்லிக்காட்டத்தான் வாயெடுத்தாள். ஆனாலும் வாயில் வந்தது வேறு. "அப்ப மரம்?"

"அத யாரு வேணாங்கறா? எடுத்துட்டுப் போ."

மறுநாளே ஹாஸ்டல் அறையைப் போய்ப் பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் கூடை சரியாக உட்காரும், தீனிக்கிளை மட்டும் இருக்கக் கூடாது. நல்லவேளை, அடிமரம் அவள் மணிக்கட்டைவிடப் பருத்துவிட்டது. வருகிற லீவு நாளில் வெட்டிவிடலாம். அந்த வீட்டிலிருந்து என்னுடையது என்று அவள் தூக்கிக்கொண்டு போக நினைத்தது அது ஒன்றைத்தான்.

4

தம்பியை முதலில் கிராதகனாகத்தான் எழுதினேன். ஒட்டவில்லை. அவன் நல்லவன். நல்லவர்களை வைத்துக்கொண்டு கதை எழுதுவது மகா எரிச்சல், யாரைத் திட்டுவது என்று தெரியாது.

அக்காவை அனுப்புகிறோமே என்று அவனுக்கு உறுத்தல். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறைக் கத்தரிக்கோலோடு மாடிக்குப் போனான். சாயந்திரம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"பாருக்கா, இப்பதான் பாக்க மரம் மாதிரி இருக்கு."

தீனிக்கிளை வானத்தைப் பார்த்துப் பச்சைப் பசேலென்று நின்றது. அதற்குக் கீழே மொழுக்கென்று ஒரு கட்டை.

"கீழ இருந்ததெல்லாம் எங்கடா?"

"அந்தக் குச்சிங்களா? கிளீன் பண்ணிட்டேன். சத்தெல்லாம் அதுதான் உறிஞ்சிட்டிருந்துச்சு."

"அதுதான்டா மரம்."

"எது?"

"நீ வெட்டினது."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "திரும்ப வளந்துடும்லக்கா?"*

அம்மா படியேறி வந்திருந்தாள். "ஒரு செடிக்கா இந்த மூஞ்சிய வெச்சிருக்க? புள்ள ஆசையா பண்ணியிருக்கான்."

* வளராது. பைனில், பச்சை ஊசியிலை ஒன்றுகூட இல்லாத பழைய கட்டையிலிருந்து துளிர் வருவது அரிதிலும் அரிது. அக்காவுக்குத் தெரியும். அவள் அவனிடம் சொன்னது, "வளரும்டா." இந்தப் பொய்யை ஏன் சொன்னாள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, பிடிபடாததால்தான் அடிக்குறிப்பில் தள்ளினேன்.

5

முடிவு அ: நினைத்தபடியே தீனிக்கிளையை வெட்டுகிறாள். ஹாஸ்டல் ஜன்னலில் ஒரு மொட்டைக் கட்டை. (அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதுதான் குமட்டுகிறது.)

முடிவு ஆ: அப்படியே விட்டுப் போகிறாள். தம்பி தினம் தண்ணீர் ஊற்றுகிறான், வர்றவங்க போறவங்களிடம் "எங்கக்கா வெச்ச மரம்" என்று பெருமையாக...

முடிவு இ: தீனிக்கிளையின் நுனியையே வளைத்துக் கீழே கொண்டுவந்து, இரண்டின் பட்டையையும் சீவி, கீழே புதுக் கிளையாகும்படி அடிமரத்தோடு சேர்த்து ஒட்டுக்கட்டுகிறாள். இது நிஜமாகவே செய்கிற வேலைதான். ஆனால் ஒட்டுப் பிடிக்கும்வரை கூடையை அசைக்கக் கூடாது. "மரம் நகராதும்மா. நானும் நகரல," என்கிறாள். எழுதி முடித்ததும் எனக்கே விசிலடிக்கத் தோன்றியது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

இதில் எது நடந்ததென்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. பிசின் புது வெட்டிலிருந்துதான் கசியும். தம்பி வெட்டிய இடத்தைத் தடவியதில் ஒட்டியதா, அவளே வெட்டியதிலா, ஒட்டுக்கட்டியதிலா? மரத்தைப் பற்றி அதற்கப்புறம் நாலு பேரிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவளிடம், தம்பி மரத்தை வெட்டிவிட்டான் என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், நான் கேட்டது இதுதான்:

"கண்ணாடி எப்பம்மா கிடைக்கும்?"

"சாயந்திரம் வாங்க சார்."

போனேன். வாங்கிக்கொண்டேன். வந்துவிட்டேன். இதை எழுதும்போது என் மூக்கில் இருப்பது அவள் தேய்த்துக் கொடுத்த கண்ணாடிதான், எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கடை அங்கேயேதான் இருக்கிறது. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை வெட்டுவதென்று தீர்மானிப்பதற்கு முன்னால் நீங்களாவது அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.