பச்சைக் கணக்கு எது?

ஆஸ்பத்திரியில் சேரும்போது தங்கை தன் போனையும் பின் நம்பரையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரே வங்கியில் அவளுக்கு இரண்டு கணக்கு. இரண்டும் அவள் பெயரில்தான். மாறிப்போகக் கூடாது என்று போனில் ஒன்றுக்குப் பச்சைக் கட்டம், இன்னொன்றுக்குச் சிவப்புக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். "பெயின்ட் கடைக்காரனுக்கு இதைவிட சுலபமா யாரால சொல்ல முடியும்?" என்று கேலி வேறு. நானும் பல்லைக் காட்டினேன்.

எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். இரண்டுமே மண் நிறம். இது வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக டப்பாவில் இருக்கும் நம்பரைப் பார்த்தே சாயம் கலந்து காலம் தள்ளுகிறேன். முதலாளியோ, "நம்ம ஆளு கண்ணாலயே கலர் பிடிப்பான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

மறுநாளைக்கு என்றிருந்த ஆபரேஷன் அன்று மத்தியானமே என்றாகிவிட்டது. நான் கடையில் இருந்தபோது நர்ஸின் போனிலிருந்து தங்கை பேசினாள்.

"அண்ணே, இனிமே தாங்காதாம், உடனே செய்யணுமாம். பணம் கட்டினாத்தான் உள்ள கொண்டுபோவாங்க. பச்சையிலேர்ந்து அனுப்பு. சிவப்பைத் தொட்டுடாதே, என் தையல் கடை வாடகை செக் இன்னிக்குப் போகுது. அது திரும்பினா ஓனர் கடையைக் காலி பண்ணச் சொல்லிடுவான்."

"மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

அதற்குள் போன் கை மாறிவிட்டது. "பத்து நிமிஷத்துல கட்டுங்க சார்" என்றது வேறு குரல். திரும்பக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.

இரண்டு கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே தொகை. அவ்வளவு பெரிய தொகை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போகும்; தப்பாக அனுப்பிவிட்டுச் சரிசெய்ய வழியில்லை. போனைச் சாய்த்துப் பார்த்தேன், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். மண், மண். வெளியே கொட்டுகிற மழை, தெருவில் ஈ காக்கை இல்லை. கடையில் நானும் முதலாளியும் மட்டும்.

குத்துமதிப்பாக அழுத்திவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன். தப்பாகிவிட்டால் எட்டு வருஷமாக அவள் கட்டிக் காத்த கடை போய்விடும். ஆறு நிமிஷம் இருந்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"முதலாளி, இதுல எது பச்சை?"

"என்னடா, விளையாடறியா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கீழ இருக்கறது."

அனுப்பினேன். நான்கு நிமிஷம் கழித்து நர்ஸ் கூப்பிட்டாள். "பணம் வந்துடுச்சு சார். உள்ள கொண்டுபோயாச்சு." தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ இத்தனை வருஷமா?" என்றார் முதலாளி.

"நம்பர் பார்த்துத்தான் கலந்தேன். ஒரு டப்பா திரும்பி வந்ததில்லையே."

"அது சரி. தெரிஞ்சதுக்கப்புறம் நான் எப்படிடா நம்பி விடறது?" சத்தம் போடவில்லை, அதுதான் வலித்தது. எழுந்து போய்க் கலக்கும் மெஷினை அணைத்தார். "நாளையிலேர்ந்து இது பக்கம் வராதே. குடோன்ல டப்பா அடுக்க ஆள் வேணும், இஷ்டம்னா வா."

பன்னிரண்டு வருஷம் ஒரு நொடியில் போய்விட்டது.

"குடோனுக்கு வரேன் முதலாளி" என்றேன். "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் தங்கச்சி கண்ணு முழிக்கும்போது நான் அங்க இருக்கணும்."