கிழக்குச் சுவரின் சூடு

பல்கலைக்கழகத்தில் கணக்கு படித்தவன் என்று எங்கள் ரத்தோட்டைத் தோட்டம் முழுக்க எனக்குப் பெயர். தட்டுத்தடுமாறித்தான் பாஸானேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

1983 ஆகஸ்டில், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் மூலைத் தட்டுகள் மூன்றாவது முறையாகக் கருகின. அடுப்பு பார்க்கும் பாப்பம்மாவைத் திங்கட்கிழமை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொன்னார். ஆபீஸில் கணக்கெழுதும் கிளாக்கர் நான் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "அவமேல தப்பில்லன்னு கணக்குலயே காட்டுறேன் சேர்" என்று வாயை விட்டேன்.

அறையைக் கட்டம் கட்டமாக வரைந்தேன். ஓரங்களில் சுவர்களின் சூடு: அடுப்புள்ள மேற்குச் சுவர் கொதிக்கும், மற்றவை குளிர். உள்ளே மனதுக்கு வந்த எண்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் அழித்து, சுற்றியுள்ள நான்கு எண்களின் சராசரியை எழுத வேண்டும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப இதே வேலை. ஆறு நாள், எழுபது சுற்று, இரண்டு ரப்பர். கடைசியில், கருகிய கிழக்கு மூலைதான் குளிர்ந்த இடம் என்று வந்தது. அங்கே கருக வேண்டுமென்றால் பாப்பம்மா கண்மண் தெரியாமல் விறகைத் திணித்திருக்க வேண்டும். காப்பாற்றப் போன நானே அவளை மாட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை அவளிடம் தாளைக் காட்டினேன்.

"கெழக்குச் செவுத்தத் தொட்டுப் பாத்தீங்களாய்யா?"

தொடவில்லை. ஆறு நாளும் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

கூட்டிப்போனாள். சுவர் சுட்டது. மறுபுறம், தகரக் கூரைக்குக் கீழே, ஜூலைக் கலவரத்தில் மாத்தளை டவுனில் வீடு எரிக்கப்பட்ட மூன்று குடும்பங்கள் சுவரோடு அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தன. ஸ்டோர்ப் புகையோடு அந்தப் புகையும் கலந்துவிடும். வெளியாட்களைச் சேர்க்கக் கூடாது என்பது துரையின் உத்தரவு.

"தொரைகிட்ட சொல்லிராதீங்க. எனக்கு வேல போனா போவுது."

அன்றே கிழக்குச் சுவரின் எண்ணை மட்டும் மாற்றிக் கணக்கைத் தொடர்ந்தேன். உள்ளே எந்த எண்ணில் தொடங்கினாலும் ஓரம்தான் முடிவைச் சொல்லும். சாயங்காலத்துக்குள் தாளிலும் மூலை கருகிவிட்டது.

திங்கள் காலை துரை தாள்களைப் புரட்டினார். "இந்தச் சுவர் மட்டும் ஏன் இவ்வளவு சூடு?"

"சாயங்கால வெயில் சேர்."

எழுபது சுற்று எண்களை மரியாதையோடு பார்த்தார். இனி அந்த மூலையில் தட்டு வைக்க வேண்டாம், பாப்பம்மா இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே காத்திருந்தவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"கெழக்குச் செவுத்துலயாய்யா, சாயங்கால வெயிலு?"