காரணம் எழுதும் இடம்

மூன்று நாள் பயிற்சி முடிந்து பிரிஜட் சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறைக்குத் திரும்பினாள். 1986ஆம் வருடம். கணினிப் பிரிவில் அவளையும் சேர்த்து மூன்று பேர். புது மென்பொருளை மற்ற இருவருக்கும் சொல்லித்தரும் பொறுப்பு அவளுக்கு. ஒரு புரோகிராமை யார் திருத்தினார், எப்போது, ஏன் என்பதை அது குறித்துக்கொள்ளும். பழைய வடிவங்களையும் அழிக்காமல் வைத்திருக்கும்.

"இனிமே யார் தப்பு பண்ணாங்கன்னு உடனே தெரிஞ்சிடும்" என்று மேலாளர் லாசரஸ் மகிழ்ந்தார்.

ஜரீனா ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயது அம்பிகைபாகன்தான் மிரண்டார். ஒருவர் எடுத்த கோப்பை அவர் திருப்பிவைக்கும்வரை வேறு யாரும் திருத்த முடியாது என்று பிரிஜட் சொன்னதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டார். திங்கள் காலை எல்லாக் கோப்புகளையும் தன் பெயரில் எடுத்துவிட்டுப் பல் மருத்துவரைப் பார்க்கப் போய்விட்டார்.

"ஒண்ணையும் தொட முடியல லா!" என்றாள் ஜரீனா.

மதியம் திரும்பியவர், வீங்கிய கன்னத்தோடு, "பத்திரமா இருக்கட்டும்னுதான் எடுத்தேன், பிள்ளை" என்றார்.

"வேணுங்கிறத மட்டும் எடுங்க சார். அப்புறம், காரணம் எழுதுற இடத்துல வெறும் புள்ளி வைக்காதீங்க. உண்மையான காரணத்த ஒரு வரி எழுதுங்க" என்றாள் பிரிஜட்.

அன்றிலிருந்து அவர் உண்மையை மட்டுமே எழுதினார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, அவர்களுடைய புரோகிராம் ஒன்று தயாரிக்கும் வேலை அட்டவணை வெளியானது. லீவு கேட்டிருந்த வெல்டர்கள் அத்தனை பேருக்கும் தீபாவளியன்றே வேலை. அவர்கள் அலுவலக வாசலில் கூடிவிட்டார்கள். லாசரஸ் அவர்கள் முன்னாலேயே, "யார் பண்ணதுன்னு எடுத்துப் படிம்மா" என்றார்.

ஜரீனா படித்தாள்: "திருத்தியவர் அம்பிகைபாகன். காரணம்: லீவு கேட்டவர்களுக்கு அன்றே வேலை போடும்படி லாசரஸ் சார் போனில் சொன்னார். வேண்டாம் என்றேன். சொன்னதைச் செய் என்றார்."

லாசரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழையதையே போடுங்க" என்றார்.

அம்பிகைபாகன் உட்கார்ந்தார். பிரிஜட்டிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். நாலு நிமிடத்தில் பழைய அட்டவணை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கணினியைப் பார்த்துச் சிரித்தார்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது: எந்தக் காரணத்தையும் மேலாளரின் ஒப்புதல் பெற்ற பிறகே எழுத வேண்டும். ஒப்புதலுக்குப் போன தாள்கள் திரும்பவே இல்லை. வருடக் கடைசிவரை ஒருவரும் ஒரு புரோகிராமையும் திருத்தவில்லை.

புது மென்பொருள் வந்தபின் பிழைகளே இல்லை என்று லாசரஸ் தலைமையகத்துக்கு எழுதினார். அவர்கள் அசந்துபோனார்கள். ஜனவரியில் ஜூரோங் கிளைக்கும் இதே முறையைச் சொல்லித்தரும்படி பிரிஜட்டை அனுப்பிவைத்தார்கள்.